மூன்று கிழமை நல்லவர்கள்

என் வாழ்க்கையின் பெரிய முடிவுகள் எல்லாம் ஒரு வாடகை வானுக்குள் இருந்துதான் எடுக்கப்பட்டன. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். காலை ஆறு மணிக்குத் திருநெல்வேலியில் புறப்பட்டு, குருநகரில் ஒருவரை ஏற்றி, கடைசியாக அரியாலையில் என்னை ஏற்றிக்கொண்டு, கண்டி வீதியால் ஓடி, புதுக்காட்டுச் சந்தியில் கிழக்கே திரும்பி, கடற்கரையோரத்துச் சின்னப் பாடசாலை ஒன்றின் வாசலில் எங்களை இறக்கிவிடும் வான் அது. போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல், வர அதே அளவு. ஒன்பது வருடங்கள். எத்தனை கணவன் மனைவி இவ்வளவு நேரம் ஒன்றாக உட்கார்ந்து கதைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை.

நாங்கள் நாலு ஆசிரியர்கள், ஒரு சாரதி. திருநெல்வேலியில் ஏறுபவர்கள் இரண்டு பேர். ஒருவர் விஞ்ஞான ரீச்சர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மனதில் வந்ததை நேரே முகத்தில் எறிந்துவிடுவார். மற்றவர் கணித சேர். முன் ஆசனத்தில் சாரதிக்குப் பக்கத்தில் இருந்து, பின்னால் திரும்பாமலே கதைப்பார். அவ்வளவு கூச்சம். சேவைக்கு வந்த நாளிலிருந்து ஒரு நாள் கூட லீவு போட்டதில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. குருநகரில் ஏறுபவர் ஆரம்பப் பிரிவு ரீச்சர். என் வயதுதான், நாற்பத்து நாலு. கணவர் கடற்றொழில். ரேடியோவில் பழைய பாட்டுப் போனாலும் அவருக்குக் கண்ணீர் வந்துவிடும். சாரதியை நாங்கள் எல்லாரும் அண்ணை என்போம். நான் சரித்திரம் படிப்பிக்கிறேன். அப்பாவும் அம்மாவும் இல்லை. அக்கா லண்டனில், தம்பி கனடாவில். நானும் வீடும் அரியாலையில்.

தம்பி வீட்டை விற்கச் சொன்னபோது விற்காதே என்றது வான். எனக்கு நாற்பது வயதில் வந்த ஒரு சம்பந்தத்தை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்து, ஆள் சரியில்லை என்று கைவிடச் செய்ததும் வான்தான். அண்ணையின் மகளுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளையா உள்ளூர் மாப்பிள்ளையா என்று இரண்டு மாதம் விவாதித்தோம். ஒவ்வொரு நாளும் சண்டையும் உண்டு. இடது பக்க யன்னல் ஆசனத்துக்கு எனக்கும் விஞ்ஞான ரீச்சருக்கும் ஒன்பது வருடப் போர். நான் கடைசியாக ஏறுபவள் என்பதால் தோற்பது பெரும்பாலும் நான்.

மார்பில் ஒரு கட்டி இருப்பதைக் குளிக்கும்போது கண்டுபிடித்தேன். அதை நான் இரண்டு கிழமை, முழுதாகப் பதினாலு நாள், ஒருவருக்கும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள், யன்னல் சண்டை முற்றியபோது, "எனக்கு இங்கை கட்டி வந்து கிடக்குது, நீங்கள் யன்னலுக்கு நிக்கிறியள்" என்று கத்திவிட்டேன். கணித சேர் ரேடியோவை நிறுத்தினார்.

"உங்களுக்கென்ன விசரோ? இவ்வளவு நாளா ஏன் சொல்லேல்லை?" என்றார் விஞ்ஞான ரீச்சர். அடுத்த கிளினிக் நாளில் அவரே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். டொக்டர் தொட்டுப் பார்த்தார், படம் எடுக்க வைத்தார், ஊசியால் கொஞ்சம் தசை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒரு சின்னக் கடதாசித் துண்டைத் தந்து, இரண்டு கிழமை கழித்து இதைக் கவுண்டரில் காட்டி முடிவை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள்.

அந்த நாள் வந்தபோது நான் போகவில்லை. தவணைப் பரீட்சை விடைத்தாள் திருத்த வேண்டும் என்று சொன்னேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். ஆரம்பப் பிரிவு ரீச்சருக்கு ஆஸ்பத்திரி கிட்ட. துண்டை அவர் கையில் கொடுத்து, எடுத்துக்கொண்டு வாருங்கோ என்றேன். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். நாளைக்கு வந்துவிடும் என்று இருந்தேன்.

நாளைக்கும் வரவில்லை, நாளை மறுநாளும் வரவில்லை. அதற்குப் பதிலாக எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள்.

முதலில் விஞ்ஞான ரீச்சர். என்னோடு மெதுவாகக் கதைக்கத் தொடங்கினார். "சாப்பிட்டனீங்களோ? நல்லா நித்திரை கொள்ளுறியளோ?" ஒன்பது வருடத்தில் அவர் என் நித்திரையைப் பற்றிக் கேட்டதே இல்லை. ஆரம்பப் பிரிவு ரீச்சர் நண்டுச் சாறு கொண்டுவந்தார். அடுத்த நாள் ஆட்டெலும்பு சூப். அதற்கடுத்த நாள் மாதா கோயிலில் மந்திரித்த எண்ணெய். தரும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. கணித சேர், என் பாடவேளை இரண்டை ஒன்றும் சொல்லாமல் தான் எடுத்துக்கொண்டார். அண்ணை குழிகளைக் கண்ட இடமெல்லாம் வானை நத்தை வேகத்தில் இறக்கினார்.

எனக்கு விளங்கிவிட்டது. விளங்காமல் என்ன? நானும் இதே ஊர்தானே. எங்களிடம் ஒருவருக்குப் பெரிய வருத்தம், உயிரைக் கொல்லும் நோய் என்றால் அதை ஊருக்கெல்லாம் சொல்வோம், அவருக்கு மட்டும் சொல்லமாட்டோம். வருகிறவர்கள் திராட்சைப்பழமும் பால்மா ரின்னும் கொண்டுவந்து வைத்துவிட்டு, மழையைப் பற்றியும் மாப்பிள்ளைகளைப் பற்றியும் கதைத்துவிட்டு, வாசல் படலையடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள். அப்பாவுக்கு நான்தான் அப்படிச் செய்தேன். டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னதை உள்ளே வந்து வாயுக்கோளாறு என்று மாற்றிச் சொன்னேன். "அப்படியே பிள்ளை?" என்று கேட்டுவிட்டு அவர் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் நன்றாக நடித்தேன் என்று அப்போது நினைத்தேன். இப்போது நண்டுச் சாற்றைக் குடித்துக்கொண்டு இருக்கும்போதுதான், அவரும் எனக்காக நடித்திருக்கிறார் என்பது தெரிந்தது. மிச்சச் சாற்றைக் குடிக்காமல் மூடிவைத்தேன்.

கேட்டிருக்கலாம். ஒரு வசனம்தான். ஆனால் கேட்டால் அவர்கள் பதில் சொல்ல வேண்டி வரும், நான் அதைக் கேட்க வேண்டி வரும். கேட்காத வரைக்கும் அது ஆரோ ஒருத்தியின் வருத்தம். ஊரெல்லாம் சண்டை பிடிக்கிற நான், இந்த ஒரு இடத்தில் வாயை மூடிக்கொண்டு நல்ல நோயாளியாக இருந்தேன். வகுப்பில் பிள்ளைகளை ஏசுவதையும் நிறுத்திவிட்டேன். பிள்ளைகளே பயந்துபோனார்கள்.

வீட்டில் காரியங்களைப் பார்க்கத் தொடங்கினேன். காணி உறுதிப் பத்திரத்தை எடுத்து அலுமாரியின் மேல் தட்டில் வைத்தேன். அம்மாவின் கல்யாணக் கூறைச் சேலையை அக்காவின் மகளுக்கு என்று எழுதி ஒரு பையில் போட்டேன். கிணற்று மோட்டரை எப்படிப் போடுவது என்று கூட ஒரு தாளில் எழுதினேன், தம்பி வந்தால் அவனுக்குத் தெரியாது என்று. எழுதி முடித்து அதைப் பார்த்தபோது என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. நாற்பத்து நாலு வயதில், செத்துப்போகிறது என்று முடிவெடுத்தபிறகு எழுதுவதற்கு இருந்தது கிணற்று மோட்டர். அக்காவுக்கும் தம்பிக்கும் கட்டியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. தொலைபேசியில் எல்லாம் நல்ல சுகம் என்றேன்.

இப்படி மூன்று கிழமை.

நாலாம் கிழமையின் முதல் நாள் காலை, அரியாலையில் வான் நின்றது. ஏறினேன். இடது பக்க யன்னல் ஆசனத்தில் இருந்த விஞ்ஞான ரீச்சர் எழும்பி நின்றார்.

"நீங்கள் இதிலை இருங்கோ ரீச்சர். உங்களுக்குக் காத்துப் படும்."

நான் இருந்தேன். நாவற்குழிப் பாலம் போனது, சாவகச்சேரி போனது. காற்று முகத்தில் அடித்தது. சூப் வந்தபோது பொறுத்தேன், எண்ணெய் வந்தபோதும் பொறுத்தேன். யன்னலை விட்டுத் தந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கொடிகாமம் தாண்டியதும் வெடித்துவிட்டேன்.

"எனக்கு எத்தினை மாசமாம்?"

"என்ன?" என்றார் விஞ்ஞான ரீச்சர்.

"எத்தினை மாசம் எண்டு கேக்கிறன். ரிப்போட்டிலை என்ன போட்டிருக்கு? நாலு பேரும் செத்தவீட்டுக்கு வந்த மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு திரியிறியள். நான் என்ன சின்னப் பிள்ளையே? எடுங்கோ வெளியிலை!"

விஞ்ஞான ரீச்சர் கையை விரித்தார். "என்னட்டை இல்லை. அவவெல்லோ எடுத்தவ?" என்று ஆரம்பப் பிரிவு ரீச்சரைக் காட்டினார்.

"நான் எடுக்கேல்லை!" ஆரம்பப் பிரிவு ரீச்சர் சத்தம் போட்டார். "அண்டைக்குப் பள்ளிக்கூடத்தாலை நேரத்தோடை வெளிக்கிட்டுக் கவுண்டர் வரைக்கும் போனனான். என்ன சொல்லுவினமோ எண்டு பயந்திட்டன். திரும்பி வந்து அடுத்த நாள் துண்டைச் சேரிட்டைக் குடுத்தனான்."

கணித சேர் வழக்கம்போலத் திரும்பாமல் சொன்னார். "பொம்பிளையளின்ரை விசயம். நான் போய் எப்பிடிக் கேக்கிறது? விஞ்ஞான ரீச்சருக்கு இங்கிலீசும் விளங்கும், அவவிட்டைக் குடுங்கோ எண்டு அண்ணையிட்டைக் குடுத்தனான். அவ எடுத்திட்டா எண்டுதான் நினைச்சனான்."

"எனக்கு ஒருத்தரும் ஒரு துண்டும் தரேல்லை," என்றார் விஞ்ஞான ரீச்சர். பிறகு ஆரம்பப் பிரிவு ரீச்சரைப் பார்த்து, "அப்ப நீங்கள் ஏன் அண்டைக்கு ஓய்வறையிலை இருந்து அப்பிடி அழுதனீங்கள்? நான் நினைச்சன் ரிப்போட்டைப் பாத்திட்டியள் எண்டு."

"அது எங்கடை அவர் கடலாலை நேரத்துக்கு வரேல்லை எண்டு அழுதனான்! நீங்கள் ஏன் திடீரெண்டு இவவோடை பாசமாக் கதைக்கத் தொடங்கினனீங்கள்? அதைப் பாத்துத்தான் நான் முடிவெடுத்தனான், நீங்கள் வாசிச்சிட்டியள், சொல்ல ஏலாமல் இருக்கிறியள் எண்டு."

அண்ணை வானை வீதியோரமாக நிறுத்தினார். கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த பிள்ளையார் படத்துக்குப் பின்னால் விரலை விட்டு, நாலாக மடித்த துண்டை எடுத்தார். ஓரத்தில் குங்குமம் பட்டிருந்தது.

"விஞ்ஞான ரீச்சருக்கு அண்டைக்கு வலயக் கல்விக் கந்தோரிலை கூட்டம், வானிலை வரேல்லை. அடுத்த நாள் குடுப்பம் எண்டு சாமியிட்டை வைச்சனான். அடுத்த நாள் பாத்தால் எல்லாரும் கண் கலங்கி இருக்கினம். சரி, துண்டில்லாமலே எடுத்திட்டினமாக்கும், முடிவு கூடாது எண்டு..."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. வயிறு நோகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே பயம் பிடித்தது. இதுவரை நான் பயந்தது இவர்களுடைய முகங்களைப் பார்த்து. அந்த முகங்களுக்குப் பின்னால் ஒன்றுமே இருக்கவில்லை. உண்மையான முடிவு மூன்று கிழமையாக ஆஸ்பத்திரியில் ஒரு மேசை இலாச்சிக்குள் கிடக்கிறது. அது கூடாத முடிவாக இருந்தால், மூன்று கிழமை போய்விட்டது.

"பள்ளிக்கூடம் முடிய நேரே போவம்," என்றார் ஆரம்பப் பிரிவு ரீச்சர்.

"அப்ப கவுண்டர் பூட்டிப்போடும்," என்றேன்.

ஒரு பாடசாலைக்கு நாலு ஆசிரியர்கள் ஒரே நாளில் போகாமல் விடுவது சின்ன விஷயமல்ல. எங்கள் பாடசாலையில் மொத்தமே பதினொரு பேர். அன்றைக்கு வலயத்திலிருந்து ஆட்கள் பார்க்க வருவதாகவும் இருந்தது. எல்லாரும் கணித சேரைப் பார்த்தோம். ஏன் அவரைப் பார்த்தோம் என்று தெரியாது. அவர் முதல் முறையாகப் பின்னால் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்து அதிபரை அழைத்தார். "சேர், இண்டைக்கு நாங்கள் நாலு பேரும் வரமாட்டம். ஓம், நானுந்தான்." வைத்துவிட்டு, "திருப்புங்கோ அண்ணை" என்றார்.

கவுண்டரில் இருந்தவர் துண்டைப் பார்த்துவிட்டு, "இது வந்து எவ்வளவு காலம்?" என்று எங்களை ஏசிக்கொண்டே ஒரு கடித உறையைத் தந்தார். வெளியே வேப்பமரத்தடியில் ஆட்கள் இருக்கிற சீமெந்து வாங்கு ஒன்று இருந்தது. விஞ்ஞான ரீச்சர் உறையைப் பிரித்துத் தனியாக வாசிக்கப் போனார். நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

"உரத்து வாசியுங்கோ. எல்லாருக்கும் கேக்க. ஒரு சொல்லும் விடக் கூடாது."

அவர் ஆங்கிலத்தில் வாசித்தார். பிறகு தமிழில் சொன்னார். "புற்றுநோய்தான். பரவக்கூடிய வகை." அவ்வளவுதான். எவரும் பரவாயில்லை என்று சொல்லவில்லை, கடவுள் இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. அண்ணை தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினார். நான் வாங்கிக் குடித்தேன்.

அப்படியே கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் முடிவில் இருந்த திகதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன் இவ்வளவு நாள் வரேல்லை?"

வாசலில் நின்ற மூன்று ஆசிரியர்களும் நிலத்தைப் பார்த்தார்கள். கணித சேர்தான் வாயைத் திறந்தார். "எங்கடை பிழை டொக்டர்." டொக்டருக்கு அது விளங்கவில்லை. அவர் இரண்டு வழி சொன்னார். கட்டியை மட்டும் எடுத்துவிட்டுப் பிறகு பல கிழமை கதிர்ச் சிகிச்சை. அல்லது மார்பை முழுதாக எடுப்பது. இரண்டும் செய்யலாம், ஆனால் இனித் தாமதிக்க முடியாது, நாளை மறுநாள் வந்து முடிவைச் சொல்லுங்கள் என்றார்.

அன்று பின்னேரம் அக்காவுக்கும் தம்பிக்கும் சொன்னேன். அக்கா அழுதாள். தம்பி ஏசினான். அக்கா இந்தியாவுக்குப் போ என்றாள், தம்பி கொழும்புக்குப் போ என்றான், பிறகு இரண்டு பேரும் தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். எல்லாம் என்மேல் உள்ள அன்புதான். ஆனால் அங்கே போக ஒரு மாதம், இங்கே போக ஒரு மாதம் என்று கணக்குப் போட்டால் என்னிடம் இருந்தது ஒரு நாள்.

மறுநாள் வானில் நான் முதலே சொல்லிவிட்டேன். "இனி எனக்கு இனிப்புக் கதை வேண்டாம். சூப்பும் வேண்டாம். எனக்கு என்ன நடக்குதோ அதை முதல் கேக்கிற ஆள் வந்து அப்பிடியே என்ரை முகத்துக்குச் சொல்ல வேணும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. ஏலாதெண்டால் இப்பவே இறங்குங்கோ." ஓடுகிற வானில் யார் இறங்குவது? ஓம் என்றார்கள். பிறகு ஒவ்வொருவரையும் கேட்டேன், நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள் என்று.

அண்ணை, முழுதாக எடுக்கச் சொன்னார், சொல்லிவிட்டு வீதியையே பார்த்தார். கணித சேர், கதிர்ச் சிகிச்சை என்றால் எத்தனை கிழமை என்றாலும் தான் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். அதனால் அதை யோசித்துத் தள்ள வேண்டாம் என்றார். ஆரம்பப் பிரிவு ரீச்சர், "நானெண்டால் கட்டியை மட்டும் எடுக்கச் சொல்லுவன். எனக்கு என்ரை உடம்பிலை ஆசை" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கடைசியில் விஞ்ஞான ரீச்சர், "எனக்குத் தெரியாது. புத்தகத்திலை உள்ளதைச் சொல்லலாம். உங்களுக்கு எது வேணும் எண்டு என்னாலை சொல்ல ஏலாது" என்றார்.

நாலு பேரும் நாலு விதம். ஆனால் அன்றைக்கு அந்த வானுக்குள் ஒரு பொய்யும் இருக்கவில்லை. எனக்கும் என் உடம்பில் ஆசைதான். ஒருவரும் பார்க்காத உடம்பென்றாலும் அது என்னுடையது. பாடசாலை வாசல் வரும்வரை யோசித்தேன். "முழுசா எடுக்கச் சொல்லப் போறன்," என்றேன். திரும்பத் திரும்ப அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வாழ என்னால் முடியாது என்றும் சொன்னேன். எல்லாரும் இறங்கினோம். முதல் பாடவேளை எனக்கு ஒன்பதாம் வகுப்பு.

அடுத்த கிழமை சத்திரசிகிச்சை. உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள். யார் வருவது என்று கேட்டபோது, நான் எதிர்பார்க்காத ஆள் முன்னுக்கு வந்தார், ஆரம்பப் பிரிவு ரீச்சர். "நீங்கள் அழுவியள்," என்றேன். "அழமாட்டன்," என்றார்.

மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் நின்றார். நெஞ்சில் பெரிய கட்டு. வாய் காய்ந்திருந்தது. நான் கேட்கும் வரை அவர் காத்திருக்கவில்லை.

"எடுத்திட்டினம்," என்றார் அவர். "கேக்கிறியளோ? முழுசா எடுத்திட்டினம். கக்கத்துக்குள்ளையும் இருந்ததாம். அதையும் எடுத்துச் சோதிக்க அனுப்பியிருக்கினம். பரவியிருக்கு எண்டுதான் டொக்டர் நினைக்கிறார். மருந்து ஏத்த வேணுமாம்."

கூட்டவில்லை, குறைக்கவில்லை. கண்ணில் ஒரு துளி இல்லை. ஆனால் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் கண்ணை மூடினேன். பயமாக இருந்தது, பொல்லாத பயம். மூடியிருந்தபடியே, எங்கள் ஐந்து பேருக்கும் தெரிந்த, ஐந்து பேரும் கேட்காமல் இருந்த அந்த ஒன்றைக் கேட்டேன்.

"அந்த மூண்டு கிழமையிலேயோ பரவினது?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். நானும் நம்பியிருப்பேன், அவருக்கும் பாரம் குறைந்திருக்கும்.

"தெரியாது," என்றார். "நான் டொக்டரிட்டைக் கேட்டனான். தன்னாலையும் சொல்ல ஏலாதாம். இருக்கலாமாம்."

கையைத் தரச் சொன்னேன்.